மழையும் ஆளுநரும்: டச்சு வாயில் விழுந்த லத்தீன் அசைகளுக்கு ஒரு சிற்றிலக்கணம்

பாயிரம்

இந்தச் சிறுநூல் பிறக்க மழை காரணம். லெய்டன் நகரில் ஒரு பேருந்துத் தரிப்பிடம்; நான் டச்சு கற்கத் தொடங்கி நாலாவது மாதம். குடையில்லாமல் ஓடிவந்து கூரைக்குள் நுழைந்தவன், அங்கே நின்ற வயதான அம்மாவைப் பார்த்து, கற்ற வித்தையைக் காட்டுகிற ஆசையில் "ரேகென்ட்!" என்றேன். மழை பெய்கிறது என்று சொன்னதாக என் எண்ணம். அந்த அம்மா வானத்தைப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்தார். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நான் அறிவித்ததாக அவர் காதில் விழுந்திருக்கிறது. விஷயம் விளங்கியதும் சிரித்தார். குடையின் நுனியால் தரையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தத் தட்டோடு முதல் அசையைச் சேர்த்துச் சொல்லிக் காட்டினார். முதல் அசையில் குடை விழுந்தால் மழை. இரண்டாவதில் விழுந்தால் ஆளுநர்.

எழுத்தில் இரண்டுக்கும் இம்மியளவு வேறுபாடும் இல்லை. மழைச்சொல் அவர்களுடைய சொந்தச் சொத்து. மற்றது 'ஆள்கிறவர்' என்ற பொருளுள்ள லத்தீனிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நகரங்களை ஆண்ட வணிகக் குடும்பத்தாருக்கு அதுவே பெயர். அநாதை இல்லங்களையும் முதியோர் இல்லங்களையும் நிர்வகித்தவர்களுக்கும் அதுவே. ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1664இல் வரைந்த ஹார்லெம் முதியோர் இல்லத்து ஆளுநர்கள், கறுப்பு உடுப்பும் தொப்பியுமாக, இன்றைக்கும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மழையும் சரி, அவர்களும் சரி, மேலிருந்து வருகிறவர்கள்; யாரையும் கேட்டு வருவதில்லை.

குறியீடு

தமிழில் 247 எழுத்து இருந்தும் அழுத்தத்துக்கென்று ஒன்று கிடையாது. தேவைப்படவில்லை. நாம் குறில் நெடில் கணக்குப் பார்க்கிறவர்கள். எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் நமக்குப் பொருள் மாறாது, சொன்னவரின் கோபம்தான் வெளிப்படும். ஆகவே இந்நூலில் அசைகளுக்கு இடையே ஒரு சிறுகோடும், அழுந்தும் அசைக்கு முன்னே ஒரு நிமிர்கோடும் இடப்படும். ˈரே-கென்ட், மழை. ரே-ˈகென்ட், ஆளுநர். நடுவிலுள்ள ககரத்தைத் தொண்டையில் உரசி ஒலிப்பது வாசகரின் பொறுப்பு. சளி பிடித்த காலத்தில் எளிதாக வரும்.

நூற்பாவும் உரையும்

டச்சு வாய்க்குள் மூன்று சட்டங்கள் மல்லுக்கட்டுகின்றன. ஜெர்மானியச் சட்டம்: சொல்லின் வேரை, பெரும்பாலும் முதல் அசையை, அழுத்து. லத்தீன் சட்டம்: ஈற்றயல் அசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால் அதை அழுத்து, இல்லாவிட்டால் அதற்கு முந்தியதை அழுத்து. (அசை பிரித்து அலகிட்டுப் பழகிய தமிழ் மாணவருக்கு இது அரை நாள் பாடம். ஐரோப்பியப் பிள்ளைகள் இதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள்.) பிரெஞ்சுச் சட்டம்: கடைசியை அழுத்து, வேறொன்றும் யோசிக்காதே. ஒரு லத்தீன் சொல் எந்தக் காலத்தில், எந்த வாசலால் டச்சுக்குள் நுழைந்தது என்பதை அதன் அழுத்தமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அகராதியைப் புரட்ட வேண்டாம். குடையைத் தட்டினால் போதும். எனவே,

முந்திவந் திறங்கிய முதலசை அழுந்தும்
பிரெஞ்சுவழி வந்தவை பின்னசை அழுந்தும்
ஏட்டின் இறங்கிய ஈற்றயல் அழுந்தும்
மயங்கி வரினும் வரையார் புலவர்.

"ஏட்டின் இறங்கிய ஈற்றயல் அழுந்தும்" என்றாரேனும், ஈற்றயலுக்கு முந்தியது அழுந்துவதும் "வரினும்" என்ற உம்மையால் கொள்ளப்படும். நூற்பா செய்தவரும் நானே, உரை எழுதுகிறவரும் நானே. அதனால் இருவருக்கும் கருத்து வேறுபாடு வராது என்று வாசகர் நம்பிவிட வேண்டாம்.

முதலாம் வகை: குசினிச் சொற்கள்

இவை ரோமானியப் படையோடும் வியாபாரிகளோடும் வந்தவை. அன்றைக்கு ரைன் நதிதான் பேரரசின் வேலி. வேலிக்கு இப்பால் இருந்தவன் அப்பால் இருந்தவனுக்குச் சுவர் கட்டவும் கூரைக்கு ஓடு போடவும் பாற்கட்டி விற்கவும் சொல்லிக்கொடுத்தான். பொருளோடு பெயரும் போயிற்று. சுவர், தெரு, திராட்சை ரசம், மேசை, ஓடு, கிணறு என்று டச்சு வீட்டில் கையை எங்கே வைத்தாலும் ஒரு லத்தீன் சொல் தட்டுப்படும். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. அவ்வளவு தேய்ந்துவிட்டது.

தேய்த்தது அழுத்தம்தான். லத்தீனில் சமையலறை கோ-ˈக்வீ-நா. ஜெர்மானிய வாய் அழுத்தத்தைப் பிடுங்கி முதல் அசையில் வைத்தது; அழுத்தம் இழந்த மிச்சம் வாடி உதிர்ந்தது. இன்று அது ˈகே-கன். (இந்த ஏகாரத்தை ஓகாரத்துக்குக் குவிக்கிற மாதிரி உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும், கண்ணாடி முன் பழகுவது நல்லது.) அதே லத்தீன் சொல் போர்த்துக்கீசர் வாயில் வளர்ந்து, அவர்களோடு கப்பலேறி யாழ்ப்பாணத்தில் இறங்கியது, எங்கள் வீட்டுக் குசினி அதுதான். பல்லாயிரம் மைல் கடல் கடந்து வந்தும் எங்கள் குசினியில் மூன்று அசையும் பத்திரமாக இருக்கின்றன. ரைன் நதியைத் தாண்டினதற்கே டச்சுக்காரர் ஒன்றைத் தொலைத்துவிட்டார்கள்.

சன்னலுக்கு லத்தீனில் ஃபெ-ˈநெஸ்-ட்ரா. டச்சில் ˈவென்-ஸ்டர். ஆலை மோ-ˈலீ-நா, இப்போது ˈமோ-லன். படங்களில் நாம் பார்க்கிற அந்தக் காற்றாடி ஆலை. நாணயம் மோ-ˈநே-டா, மூன்று அசை. டச்சில் முன்ட், ஒரே அசை. செலவழிந்த பிறகு மிஞ்சிய சில்லறை.

இவ்வகையில் எனக்குப் பிரியமானது ˈஸொல்-டர். லத்தீனில் ஸோ-ˈலா-ரி-உம் என்றால் வெயில் விழும் மேல்மாடம். டச்சு வீட்டில் ˈஸொல்-டர் என்பது கூரைக்கு அடியிலுள்ள பரண்: உடைந்த நாற்காலி, நத்தார் மரத்து விளக்குகள், யாரும் திரும்பப் படிக்காத கடிதங்கள். வெயில் எட்டிப்பார்க்காத இடம். அழுத்தம் முன்னே நகர்ந்தபோது நாலு அசை இரண்டானது மட்டுமல்ல, சூரியனும் போய்விட்டது. பிற்காலத்தில் வெயில் காணாத இந்த மக்கள் விளக்கடியில் படுத்துத் தோலைக் கறுப்பாக்கக் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கடைக்குப் பெயர் தேவைப்பட்டது. பழைய சொல்லை லத்தீனிலிருந்து முழுசாக மறுபடி எடுத்து வந்தார்கள்: ஸோ-ˈலா-ரி-உம். ஒரே சொல், இரண்டு வரவு. ஒன்று பரணில், மற்றது கடைத்தெருவில். ஒன்றையொன்று தெரியாது.

ஊர்ப்பெயர்களில் இவ்வகை சண்டித்தனம் செய்யும். ஆற்றைக் கடக்கும் துறைக்கு லத்தீனில் ட்ரா-ˈயெக்-டும். அதிலிருந்து இரண்டு நகரங்கள். உட்ரெக்ட் முதலசையில் அழுந்தும்: ˈஉ-ட்ரெக்ட். மாஸ்ட்ரிக்ட் கடைசியில் அழுந்தும்: மாஸ்-ˈட்ரிக்ட். நூற்பாவை எழுதி முடித்த பிறகே எனக்கு இது உறைத்தது. நாலாவது அடி சேர்ந்தது அப்படித்தான்.

இரண்டாம் வகை: கந்தோர்ச் சொற்கள்

லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கே மாவு பூசி முடி அலங்கரித்து வந்தவை. கடைசி அசையில் மூக்கை உயர்த்தி நிற்கும். இயற்கை நா-ˈடூர். பல்கலைக்கழகம் உ-நி-வர்-ஸி-ˈடெய்ட், நாலு அசை படியேறி ஐந்தாவதில்தான் மூச்சு விடலாம். "டெய்ட்" என்று முடியும் சொல்லைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு கடைசியை அழுத்துக. தரமும் மின்சாரமும் இதற்குள் அடங்கும். படிப்பது என்ற வினை மட்டும் ஸ்டு-ˈடே-ரன் என்று ஈற்றயலில் அழுந்தும். காரணம், பிரெஞ்சு உடம்புக்கு டச்சு வால் ஒட்டியிருப்பது. வாலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விதி பிழைக்காது.

தலைவாசல் சொல் கன்-ˈடோர். அலுவலகம். லத்தீனில் கணக்கிடுவதைக் குறித்த வினை பிரெஞ்சில் காசு எண்ணும் பலகையாகி, டச்சில் அந்தப் பலகை இருக்கும் அறையாகி, பிறகு வேலைத்தலமாயிற்று. யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. போகும்போது கோட்டையை விட்டுப்போனார்கள், இந்தச் சொல்லையும் விட்டுப்போனார்கள். எங்கள் அப்பு "கந்தோருக்குப் போறன்" என்று சொல்லி ஷேர்ட்டுக்குப் பொத்தான் போடுவார். தபாற்கந்தோர் என்று பலகையிலும் எழுதியிருக்கும். அது டச்சு என்று அவருக்குத் தெரியாது. கந்தன் என்ற பெயரோடு ஏதோ உறவு என்று நான் நினைத்திருந்தேன்.

டச்சு எழுத்துமுறையே அசை பிரிக்கத் தெரிந்தால்தான் கைவரும் என்பதையும் இச்சொல்லை வைத்தே காட்டலாம். ஒருமையில் கடைசி அசை ஒற்றால் அடைபட்டிருக்கிறது. உயிர் நெடில் என்று காட்ட ஓகாரத்தை இரண்டு தரம் எழுதுவார்கள். பன்மையில் கன்-ˈடோ-ரன். ரகரம் அடுத்த அசைக்குத் தாவிவிட்டது, நடு அசை திறந்துகொண்டது. திறந்த அசையில் உயிர் தானாகவே நெடில், ஆகவே ஓகாரம் ஒன்று போதும். எழுத்துப்பிழை விடாமலிருக்க அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் அலகிட்டுப் பார்க்கிறார்கள். யாப்பு தெரியாதவர் அங்கே கடைக்குச் சாமான் பட்டியல்கூட எழுத முடியாது.

மூன்றாம் வகை: ஏட்டுச் சொற்கள்

இவை மனிதர் வாயால் வரவில்லை, புத்தகத்திலிருந்து இறங்கியவை. லெய்டன் பல்கலைக்கழகம் 1575இல் தொடங்கியபோது பாடம் நடந்ததே லத்தீனில். ஏட்டிலிருந்து எடுத்தபடியால் அழுத்தம் லத்தீன்காரர் வைத்த இடத்திலேயே இருக்கும், வாலிலுள்ள உம்மும் உஸ்ஸும் பெரும்பாலும் உதிராது. அருங்காட்சியகம் மு-ˈஸே-உம். அமைச்சர் மி-ˈநிஸ்-டர். இந்த அமைச்சரின் பழைய கூட்டாளி மா-ˈகிஸ்-டர், ஆசிரியர். அவர் முந்தியே வந்து முதலாம் வகையில் மாட்டி ˈமேஸ்-டர் என்று இரண்டு அசையாகச் சுருங்கிவிட்டார். அமைச்சர் தாமதமாக வந்ததால் மூன்று அசையோடும் தப்பினார். அரசியல்வாதிகள் அப்பொழுதே விவரமானவர்கள்.

எங்கள் ஊருக்கு இவ்வகையில் வந்தது நோ-ˈடா-ரிஸ். இலங்கையில் காணி எழுதப் போகிறவர் இன்றும் நொத்தாரிசிடம்தான் போகிறார். இங்கே வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். டச்சில் இச்சொல்லின் முதல் உயிரும் இரண்டாவது உயிரும் திறந்த அசையில் நிற்பவை. எழுத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே தரம். அழுத்தம் இரண்டாவதற்கு மட்டும். அழுத்தம் என்ற சரக்கே இல்லாத தமிழ்க் காது அதைக் கேட்டது. முதல் அசையைக் குறிலாக்கியது, அடுத்ததை ஒற்றை இரட்டித்து நெடிலாக்கியது. நொத்தாரிசு. கந்தோரிலும் ஓகாரம் நீண்டே நிற்கிறது. அவர்களுடைய குடை எங்கே விழுந்தது என்பதை எங்கள் மாத்திரைக் கணக்கு எழுதிவைத்திருக்கிறது.

இந்த மூன்று வரத்துகளையும் வெறுத்த ஒருவர் இருந்தார். புரூஜ் நகரத்தில் பிறந்த சைமன் ஸ்டெவின், பொறியியலாளர், கணிதர். 1586இல் நிறுவைக்கலை பற்றி எழுதிய நூலின் முன்னே டச்சு மொழியின் மேன்மையை நிறுவப் புறப்பட்டு, ஓரசைச் சொற்களை டச்சுக்கும் லத்தீனுக்குமாகப் பட்டியல் போட்டு எண்ணிக் காட்டினார். குறைந்த அசையில் நிறையச் சொல்லும் மொழியே அறிவியலுக்கு ஏற்றது என்பது அவர் கட்சி. எண்ணிக்கையில் லத்தீன் படுதோல்வி. சொன்னதோடு நிற்கவில்லை. கணிதத்துக்கு அவர் கொடுத்த பெயர் ˈவிஸ்-கொன்ஸ்ட், நிச்சயமானதை அறியும் கலை; அது பிற்பாடு ˈவிஸ்-குன்-ட ஆயிற்று. ஐரோப்பாவில் பெரும்பாலானோர் கணிதத்தைக் கிரேக்க லத்தீனப் பெயரால் அழைக்க, டச்சுப் பிள்ளைகள் இன்னும் ஸ்டெவின் வைத்த பெயரின் வாரிசால் பரீட்சையில் கோட்டை விடுகிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் அவர் படத்தை மாட்டிவைக்கலாம்.

நான்காம் வகை: ஓடுகாலிகள்

ஒருமையில் ஓரிடம், பன்மையில் வேறிடம். முனைவர் ˈடொக்-டோர், பலர் கூடினால் டொக்-ˈடோ-ரன். பேராசிரியர் ப்ரோ-ˈஃபெஸ்-ஸோர், கூட்டமானால் ப்ரோ-ஃபெஸ்-ˈஸோ-ரன். லத்தீனில் பன்மையாகும்போது அசை கூடி ஓகாரம் ஈற்றயலுக்கு வந்துவிடும், அழுத்தம் அதன்மேல் ஏறும். அந்தப் பழக்கம் இரண்டாயிரம் வருடமாக விடவில்லை. ஆனால் ஊசி போடுகிற வைத்தியர் ˈடொக்-டர். அதே லத்தீன் சொல்தான், மக்கள் வாயில் தேய்ந்தது. எத்தனை வைத்தியர் கூடினாலும் ˈடொக்-டர்ஸ், அழுத்தம் அசையாது. அவசரத்துக்கு அழைக்கிறவனுக்கு அழுத்தத்தை இடம் மாற்ற நேரமில்லை.

ஐந்தாம் வகை: கூடப்பிறந்தும் கூடி நில்லாதவை

சங்கீதக் குடும்பத்தைப் பாருங்கள். ˈமு-ஸி-குஸ், முறையாகப் பயின்ற இசைவாணர். மு-ˈஸீக், இசை. மு-ஸி-ˈகன்ட், வாசிக்கிறவர் யாரும். அழுத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொற்களின்மேல் நடந்து போகிறது, சுரவரிசை பழகுகிற பிள்ளையைப் போல. மூத்தவர் ஏட்டுவகை, லத்தீன் எழுத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. மற்ற இருவரும் ஸகரத்தை டச்சு எழுத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கச்சேரி மண்டபத்தில் முதலாமவர், கலியாண வீட்டில் மூன்றாமவர்.

எழுத்தென்றதும் இன்னொரு சோடி. ˈகா-நொன் என்றால் திருமுறை, வரையறுத்த நூல்தொகுதி. கா-ˈநொன் என்றால் பீரங்கி. முன்னதை ஸே என்ற எழுத்தாலும் பின்னதை கா என்ற எழுத்தாலும் தொடங்குவார்கள். வாயில் அழுத்தம் மட்டுமே வேற்றுமை. எந்த லத்தீன் சொல்லுக்கு ஸே, எதற்கு கா என்பதில் அந்த நாடு அரை நூற்றாண்டு சண்டையிட்டது. 1954இல் அரசு வெளியிட்ட சொற்பட்டியல் பல சொற்களுக்கு இரண்டையும் அனுமதித்து, ஒன்றை விரும்பத்தக்கது என்றது. வீட்டில் இரண்டு மருமகளையும் வைத்துக்கொண்டு ஒருத்தியை மட்டும் புகழ்ந்த கதை. 1995இல் ஒன்றுதான் என்று முடிவானது. அட்டை நிறத்தால் அந்தச் சொற்பட்டியலுக்குப் பச்சைப் புத்தகம் என்று பெயர். பீரங்கி கா-விலேயே இருக்கிறது, யாரும் கேள்வி கேட்கவில்லை.

அழுத்தத்தை வைத்து விளையாடியவர்களும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஒரு படி கீழே நின்றவரை டொக்-டோ-ˈரன்-டுஸ் என்பார்கள்: முனைவராக வேண்டியவர். பலர் ஆகாமலே ஆயுளை முடித்தார்கள். அந்தப் பட்டத்தின் சுருக்கத்தையே புனைபெயராக்கி ட்ரஸ். பே. என்று பாட்டெழுதியவர் ஹைன்ஸ் போல்ஸர் (1919–2015). ஆங்கிலத்திலிருந்து ஒரு எட்டடிக் குறும்பா வடிவத்தை எடுத்து "ஒலகபொலக" என்று பெயரிட்டுப் பரப்பினார். அதில் ஆறாவது அடி முழுக்க ஒரே சொல்லாக, ஆறு அசையாக, முதலிலும் நாலாவதிலும் அழுந்துவதாக இருக்க வேண்டும். அப்படிச் சொல் தேட எங்கே போவது? லத்தீன் பண்டகசாலைக்குத்தான். ˈபார்-ல-மென்-ˈடா-ரி-யர்ஸ், நாடாளுமன்ற உறுப்பினர்கள், கச்சிதமாகப் பொருந்தும். அவர்களால் கிடைத்த நன்மை.

புள்ளி இயல்

நம்முடைய புள்ளி உயிரை எடுத்துவிடும். மேலே வைத்தால் எழுத்து மெய்யாகிவிடும். டச்சுப் புள்ளி இரண்டிரண்டாக வந்து உயிரை உயிரோடு ஒட்டவிடாமல் பிரித்துவைக்கும். எங்கே வைப்பது என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. குடியேற்றம் கோ-ˈலோ-நீ, தொழில்துறை இன்-டுஸ்-ˈட்ரீ. இரண்டும் "யா" என்று முடிந்த லத்தீன் சொற்கள். முன்னது லத்தீன் அழுத்தத்தைக் காத்தது. பின்னது பிரெஞ்சுக்குப் போய் வாலில் அழுந்தி வந்தது. பன்மையில் பின்னதற்கு ஏகாரம் இரண்டு, இரண்டாவதன் தலையில் புள்ளிகள். முன்னதற்கு ஏகாரம் ஒன்றே, அதன் தலையிலேயே புள்ளிகள். பள்ளிப் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவார்கள்; பெரியவர்கள் வேறு சொல் தேடி எழுதுவார்கள். அந்த இடத்தில் வரி முறிந்து அடுத்த வரிக்குப் போனாலோ புள்ளி மறைந்துவிடும்: பிரிக்கிற வேலையைச் சிறுகோடு செய்துவிட்டதாம். வேலையில்லாதவருக்குச் சம்பளம் இல்லை என்கிற கொள்கை எழுத்துவரைக்கும் இறங்கிய நாடு.

புள்ளியை மட்டுமல்ல, ஒற்று இரட்டிப்பதையும் அழுத்தமே தீர்மானிக்கும். சந்தையில் பீச் பழத்துக்கு ˈபெர்-ஸிக் என்று அட்டை வைப்பார்கள். பாரசீகத்துப் பழம் என்ற லத்தீன். பன்மையில் ககரம் இரட்டிக்காது, கடைசி அசையில் அழுத்தமில்லை என்பதால். அப்படியானால் நொத்தாரிசுக்கும் கடைசியில் அழுத்தமில்லையே, பன்மையில் ஸகரம் ஏன் இரட்டிக்கிறது? "இஸ்" என்று முடிந்தால் அப்படித்தான் என்பது விதி. சட்டம் தெரிந்தவர்களுக்கு எப்போதும் ஒரு எழுத்துக் கூடுதலாகக் கிடைக்கும்.

புறனடை

மேற்சொன்ன எதிலும் அடங்காத வகை ஒன்று உண்டு: தேயவுமில்லை, பிரெஞ்சுக்குப் போகவுமில்லை, டச்சாகவே ஆகாமல் நேரே லத்தீனாக நிற்பவை. அதற்கு உதாரணம் தேடி லெய்டன் பல்கலைக்கழகத்துப் பழைய கட்டடத்துக்குப் போனேன். ஆய்வேட்டைக் காக்கும் வாதம் அங்கே எல்லாரும் பார்க்கலாம். பட்டம் பெற வருகிறவர்கள் காத்திருக்கும் சிற்றறைக்கு வியர்வையறை என்றே பெயர். சுவர் முழுக்கக் கையெழுத்து. மண்டபத்தில் கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் (ப்ரோ-ஃபெஸ்-ˈஸோ-ரன் என்று மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்) ஒருவர் மாறி ஒருவர் கேட்க, ஒரு இளம்பெண் நின்று பதில் சொன்னாள். கொடுத்திருப்பது நாற்பத்தைந்து நிமிடம். கடைசிக் கேள்வி கொஞ்சம் கடுமை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டின் ஒவ்வொரு உ-நி-வர்-ஸி- என்று படியேறிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கட்டியக்காரர் உள்ளே வந்து கோலை ஊன்றி "ˈஹோ-ரா ˈஎஸ்ட்" என்றார். நேரமாயிற்று. அதற்குப் பிறகு ஓர் அசைகூடச் சொல்ல வேண்டியதில்லை; அவளும் சொல்லவில்லை, சிரித்துவிட்டாள். ஐந்தாவது அசை வரவே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் கோல் பலகைத் தரையில் விழுந்த சத்தம்தான் இருந்தது.